மணலில் கலந்த விதை

மைமூன் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வாழவந்தியில் தூறல் நின்றிருந்தது. வருவதாக அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வந்தால் பார்க்க வேண்டியது கண்ணில் படாது என்று தோன்றியது.

ஏற்காடு ஏரிக்கரையில் பொக்கே கட்டி விற்பவள் அவள். ரோஜாக்களுக்கு நடுவே இட்டு நிரப்பும் பொடி வெள்ளைப் பூவான ஜிப்சோபிலா, பெங்களூரிலிருந்து வந்து சேர்வதற்குள் பாதி கருகிவிடும். அதை இங்கேயே விதைத்து எடுத்துத் தருவதாக ஓர் ஓட்டல்காரரிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். டிசம்பர் முழுக்க அங்கே கல்யாண வரவேற்புகள். சொன்னபடி பூ வராவிட்டால் அந்த வாடிக்கை போய்விடும். தம்பி அலைந்து வாங்கி வந்தது இரண்டே பாக்கெட் விதை. நிலம் வாழவந்தியிலிருக்கும் முத்தாயியுடையது; பூவில் ஆளுக்குப் பாதி என்று பேச்சு.

நாலு வருஷமாக மைமூன் கடைக்குப் பூ கொண்டுவந்து போடுகிறவள் முத்தாயி. அவள் பொய் சொல்லி மைமூன் கேட்டதில்லை. இத்தனை நாள் கேட்டதில்லை என்பதே இப்போது உறுத்தியது. விதைத்து மூன்று வாரமாகியும் "முளைச்சிருக்குதுங்க" என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. கடையில் கூடையை இறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்து ஊரான கொட்டச்சேட்டில் வேறு யாரோ இந்தப் பூ போடப்போகிறார்கள் என்ற பேச்சும் காதில் விழுந்தது. விதை கைமாறியிருக்கும் என்று இரண்டையும் முடிச்சுப் போட மைமூனுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

வரப்பில் ஏறிப் பார்த்தாள். ஐந்து பாத்திகள். கீழே இருந்த நான்கிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாற்று. வீட்டை ஒட்டிய பாத்தியில் மட்டும் பாசி படர்ந்தாற்போல மண் தெரியாத பச்சை.

ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி முத்தாயி வந்தாள்.

"எனக்கு வெறும் பாத்தி நாலு, உனக்கு ஒண்ணே ஒண்ணு. நொம்பப் பெரிய மனசு, முத்தாயி."

முத்தாயிக்கு முகம் சிறுத்துப்போனது. மைமூன் விதையில் மணல் கலந்து கொடுத்த டின்னை அப்படியே பஸ்ஸில் கொண்டுவந்து, வீட்டுப் பக்கத்தில் தொடங்கி வரிசையாகத் தூவிக்கொண்டே போனதாகச் சொன்னாள். ஏன் இப்படி ஆனதென்று நேற்று வரை தனக்கே விளங்கவில்லை, விளங்காததை எப்படி வந்து சொல்வது என்றாள். மைமூன் நம்பாமல் அவள் கண்களையே பார்த்தாள்.

முத்தாயி உள்ளே போய் அந்தப் பால் பவுடர் டின்னை எடுத்து வந்தாள். அடியில் மிச்சமிருந்த பொடி மணலில் ஒரு பிடி கீரை விதையைப் போட்டு விரலால் நன்றாகக் கலந்தாள். மூடி, மைமூனிடம் நீட்டினாள்.

"நம்ம ரோட்டுல பஸ்ஸு எப்படி ஆட்டுமோ, அப்படி ஆட்டுங்க."

மைமூன் வேண்டாவெறுப்பாகக் குலுக்கினாள். திறந்தபோது கருப்பு விதை மேலே ஏறி நின்றது. விரலை விட்டுக் கிளறினாள். அடியில் வெறும் மணல். விதையில் பெரும்பகுதி முதல் பாத்தியிலேயே விழுந்துவிட்டிருந்தது.

"கீரைக்கு நாங்களும் மணல் கலப்போமுங்க. பாத்தியில நின்னு, தூவுற நேரத்துல கலப்போம். நீங்க ஏனுங்கக்கா ஊட்லயே கலந்து குடுத்தீங்க?"

தூவுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று சொல்ல மைமூன் வாயெடுத்தாள். தனி விதையாகக் கொடுத்தால் ஒரு சிட்டிகை மடியில் ஒதுங்கிவிடும். மணலோடு கொடுத்தால் யாராலும் பிரிக்க முடியாது. மணலைச் சலிக்கும்போது அவள் மனதில் ஓடியது அதுதான். முத்தாயி அதை அவள் முகத்தில் படித்துவிட்டாள். சில்வர் ஓக் மரங்களுக்கிடையே பனி இறங்கி, பாத்திகளை மூடி, விலகிப் போனது.

பிறகு முத்தாயி நெருக்கப் பாத்தியருகே குந்தினாள். பிடுங்கி நட்டால் சுணங்கும் செடி இது, பாதி பிழைக்கலாம், ஈரம் இருக்கும்போதே நட்டாக வேண்டும் என்று மண்ணைப் பார்த்துச் சொன்னாள். குச்சியால் மண்ணோடு நெம்பி எடுத்த முதல் கொத்தை மைமூனின் உள்ளங்கையில் வைத்தாள்.

மைமூன் அதை எடுத்துக்கொண்டு கீழ்ப் பாத்திக்குத் திரும்பினாள்.

"எண்ணிட்டுப் போங்கக்கா," என்றாள் முத்தாயி. குரலில் கோபம் இல்லை.

"அதெல்லாம் எதுக்கு முத்தாயி?"

"எண்ணுங்க."

மைமூன் நின்றாள். முத்தாயியின் கையில் குச்சி அசையாமல் இருந்தது. அடுத்த கொத்தை அவள் எடுப்பதாக இல்லை. நூல்போன்ற தண்டுகளை மைமூன் ஒவ்வொன்றாக விலக்கினாள்.

"ஏழு," என்றாள்.

முத்தாயி தலையாட்டிவிட்டு மறுபடி மண்ணைக் கிளறினாள்.