இரண்டு இடத்தில் பார்த்த காளான்

மேலகரத்தில் சாரல் பிடித்துவிட்டால் காளானுக்குப் பஞ்சமில்லை. தங்கத்தாய் வீட்டில் அதற்கொரு வழக்கம் உண்டு. புற்றில் முளைத்தது சட்டிக்கு, மற்றதெல்லாம் குப்பைக்கு. அன்று காலை புறவாசலில் வெள்ளை வெள்ளையாகக் குடை விரித்து நின்றவற்றைப் பார்த்ததும் அவள் விளக்குமாற்றைத்தான் தூக்கினாள். தடுத்தது ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் வேல்விழி.

"இரும்மா, போன்ல பாத்துச் சொல்லுதேன்."

பள்ளியில் ஸ்வாதி டீச்சர் அறிவியலையே இணையத்தில் தேட வைத்துத்தான் நடத்துவார். ஒரே இடத்தில் பார்த்ததை நம்பக் கூடாது, இரண்டு இடத்திலாவது பார்க்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். வேல்விழி அதை அட்சரம் பிசகாமல் செய்தாள். இரண்டு பக்கத்திலும் இதே வெள்ளைக் குடை; இரண்டிலும் 'சமைத்து உண்ணலாம்' என்று போட்டிருந்தது.

"ரெண்டு இடத்துல பாத்துட்டேம்மா. திங்கலாம்."

படிக்கிற பிள்ளை சொன்ன பிறகு தாய்க்கு வேறென்ன வேண்டும்? விளக்குமாறு மூலைக்குப் போயிற்று. அப்பா முத்துராஜ் போலீஸ்காரர். சீசன் முழுக்கக் குற்றால அருவிக்கரையில் காவல், மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்கு வருவார். காளான் குழம்பென்றால் மனுஷனுக்கு உயிர்.

ஒரு காளானை வேல்விழி வகுப்புக்குக் கொண்டுபோனாள். டீச்சர் அதன் குடையைக் கிள்ளி ஒரு வெள்ளைத்தாளில் வைத்து, மேலே டம்ளரைக் கவிழ்த்து மூடினார். "குடைக்கு அடியிலருந்து என்ன நிறத்துல பொடி விழுதுன்னு மத்தியானம் பாப்போம். அப்புறம் தேடுவோம்" என்றார். வீட்டில் அடுப்பு எரிவது அவருக்குத் தெரியாது.

சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால் டம்ளரைத் தூக்கினார்கள். தாளில் வட்டமாகப் பச்சைப் பொடி. பொடியின் நிறத்தையும் சேர்த்துத் தேடியதும், படித்த ஆட்கள் எழுதிய பக்கம் ஒன்று வந்தது. நஞ்சு. வாந்தி, வயிற்றுப்போக்கு.

வேல்விழி டீச்சர் கையிலிருந்த போனை வாங்கினாள். "நான் ரெண்டு இடத்துல பாத்தேனே டீச்சர்" என்று காலையில் பார்த்த பக்கங்களைத் திறந்து காட்டினாள்.

எட்டிப் பார்த்தவன் அவளுடைய குழுவிலிருந்த முஃபீத். "ஏட்டி, ரெண்டுலயும் ஒரே கட்டைவிரல்லா இருக்கு" என்றான்.

ஆமாம். காளானைப் பிடித்திருந்த கட்டைவிரல் நகத்தில் அதே சிவப்புச் சாயம், அதே மூலையில் பெயர்ந்திருந்தது. எழுத்தும் வரிக்கு வரி ஒன்றே. ஒருத்தன் எழுதியதை இன்னொருத்தன் ஈயடிச்சான் காப்பி அடித்திருக்கிறான். இவள் அதை இரண்டு சாட்சி என்று எண்ணிவிட்டாள்.

"டீச்சர், எங்கம்மா இதைத்தான் கொழம்பு வைக்கா."

டீச்சர் போன் போட்டார். அம்மாவும் எடுக்கவில்லை, அப்பாவும் எடுக்கவில்லை. தாளை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு வேல்விழி டீச்சரின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினாள். குற்றாலத்துக்குக் குளிக்க வந்த வேன்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. உள்ளே இருந்தவர்கள் பாட்டுப் போட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

வாசலில் அப்பாவின் பைக் நின்றது. அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. உள்ளே அவர் சோற்றைக் குழம்போடு பிசைந்து கையில் அள்ளியிருந்தார். ஓடிப்போய்த் தட்டை இழுத்தாள்.

"கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு?"

"வெசம்ப்பா. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

அள்ளிய சோறு அவர் கையிலிருந்து தரையில் விழுந்தது. "ஒரு வாய்கூட வைக்கலட்டி" என்றார். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அடுக்களை வாசலில் அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

"நான் உப்புப் பாத்தேம்லா. ஒரு துண்டு."

தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் அவள் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டாள். டாக்டர், என்ன காளான் என்று கேட்டார். "நீதான போன்ல பாத்த, சொல்லு" என்றார் அப்பா.

வேல்விழி தாளை விரித்துக் காட்டினாள். "பேரு தெரியாது டாக்டர். பச்சைப் பொடி விழுந்துச்சு. அதுதான் நான் பாத்தது."

டாக்டர் தாளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். கொஞ்சமாகத் தின்றதால் உயிருக்குப் பயமில்லை, தங்கியிருக்கட்டும் என்று சாயங்காலம் சொன்னார்.

கையில் ஊசியும் குழாயுமாகக் கிடந்த அம்மாவின் பக்கத்தில் போய் நின்று வேல்விழி அழுதாள்.

"இனிமே போன்ல உள்ளதை நம்பாதம்மா."

"போனை எங்கட்டி நம்புனேன்?" என்றாள் தங்கத்தாய். "அதுல என்ன போட்டிருக்குன்னு எனக்கு என்ன தெரியும்? ஒன்னையத்தான் நம்புனேன்."

அந்தக் குரலில் கோபமே இல்லை. ஓர் அடி அடித்திருந்தால்கூடத் தேவலை என்று வேல்விழிக்கு இருந்தது.