கூரை ஒழுகும் படம்

வீட்டில் குழாய் உடைந்தால், சுவர் ஊறினால், கூரை ஒழுகினால், அதைப் போட்டோ எடுத்து எங்கள் இணையதளத்தில் ஏற்றலாம். பார்த்துவிட்டுக் கொத்தனாரோ பிளம்பரோ வந்து சேருவார். அதாவது, படம் ஒழுங்காக வந்து சேர்ந்தால். சிக்னல் சரியில்லாத வீடுகளிலிருந்து பாதியில் அறுந்துவிடும்.

அதற்காகத் தூங்குமூஞ்சி ஒரு வழி செய்திருந்தான். அவன் என் பக்கத்து நாற்காலிக்காரன், கொட்டாவி விட்டுக்கொண்டே நிரல் எழுதுகிறவன். போனிலேயே படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அனுப்பும்படி எழுதியிருந்தான். எல்லாத் துண்டும் வந்தால் ஒட்டிப் படமாக்கிவிடும். ஒன்று குறைந்தாலும் ‘மீண்டும் முயலவும்’ என்று சொல்லிவிடும். அப்படித் தோற்ற துண்டுகளைத் துடைத்தெறிய வேண்டும் என்பது மட்டும் அவன் மண்டையில் ஏறவில்லை. சர்வர் குப்பையால் நிறைந்து திணறியது. மேனேஜர் என்னிடம் கத்தினார், நான் அவனிடம் கத்தினேன். அன்று மதியத்துக்குள் அத்தனையையும் அழித்துவிடுவதாக இருந்தேன்.

அப்போதுதான் ஓர் அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, நேராக என் மேசைக்கு வந்து நின்றார்.

“சமையக்கட்டுக் கூரை ஒழுகுதுன்னு ஒரு போட்டோ அனுப்பியிருந்தேம்மா. அது திரும்ப வேணும்.”

போன் நம்பரைக் கேட்டுத் தேடினேன். “உங்க நம்பர்ல எதுவும் பதிவாகலையேம்மா. படம் உங்க போன்லயே இருக்குமே?”

“போன் தண்ணில விழுந்துடுச்சு. கடைக்காரன் கைய விரிச்சுட்டான்.” என் மேசையில் கையை ஊன்றிக்கொண்டார். “அந்தப் படத்துல எங்க வீட்டுக்காரர் இருக்காரு. போன மாசம் தவறிட்டாரு.”

கேமராவைக் கண்டாலே ஓடுகிற மனிதராம். கல்யாணப் படத்தில்கூட எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பாராம். அன்றைக்கு ஸ்டூலில் ஏறி, ஒழுகும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டியிருக்கிறார்.

“பனியன்ல ஓட்டை இருக்கு, என்னை எடுத்துத் தொலைக்காதேன்னு ஒரே சத்தம். பனியன் வராதுங்கன்னு சத்தியம் பண்ணித்தான் எடுத்தேன். அனுப்பினா போகவே மாட்டேங்குது. நானும் விடாம அழுத்திக்கிட்டே இருந்தேன்.”

தூங்குமூஞ்சி எட்டிப் பார்த்தான்.

“குப்பைல பாத்தியா?” என்றான்.

பார்த்தேன். அவர் அழுத்திய ஒவ்வொரு முறைக்கும் ஒரு மூட்டை கிடந்தது. ஒன்றுகூட முழுசாக இல்லை. முதல் மூட்டையில் நடுத் துண்டுகள் சில. அடுத்ததில் வேறு சில. முதல் துண்டு மட்டும் அதுவரை திறந்த எதிலும் இல்லை. படத்தை எப்படித் திறப்பது என்ற விவரமே அதில்தான் இருக்கும். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் மண். கடைசி மூட்டையைத் திறந்தேன். அதில் ஒரே ஒரு துண்டு இருந்தது. முதல் துண்டு.

எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்த அம்மா ஒரு தடவை முன்னதாகவே சலித்துப்போய் விட்டிருந்தால் அது வந்திருக்காது.

“ஒரே படம்தானே, ஒரே மாதிரிதான் வெட்டியிருக்கும். எதுல இருந்து எடுத்தாலும் ஒட்டும்,” என்றான் தூங்குமூஞ்சி. அவன் குரலில் தூக்கமே இல்லை.

வரிசையாகச் சேர்க்கச் சேர்க்கப் படம் மேலிருந்து இறங்கியது. முதலில் கூரை. ஈரத் திட்டு. அதைத் தொடும் ஒரு விரல். அந்த அம்மா என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அடுத்த துண்டில் மணிக்கட்டு, வாரப்படாத நரைமுடி. அதற்கடுத்ததில் நெற்றியும் கண்ணும். கண்கள் எங்களையே பார்த்தன. எத்தனையோ ஆயிரம் படங்கள் என் கையால் போய் வந்திருக்கின்றன. ஒரு மனிதர் வந்து சேருவதை நான் அதுவரை பார்த்ததில்லை.

இன்னொரு துண்டைச் சேர்த்தேன். வாய் வந்தது. திட்டிக்கொண்டே சிரித்திருக்கிறார்.

அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். கடைசித் துண்டு எந்த மூட்டையிலும் இல்லை. எல்லாவற்றையும் இரண்டு தடவை கிளறிப் பார்த்தேன்.

“கழுத்துக்குக் கீழ வரலம்மா,” என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார்.

“பாத்தீங்களா,” என்றார் அவரிடம். “பனியன் வரலைங்க.”