தெரெக்-பெல் விடுதி இறங்கி வராத ஆண்டு

"நாப்பத்தாறு அடி அண்ணி, இந்த ஒரு வாரத்துல மட்டும் நாப்பத்தாறு..."

"முப்பத்தொம்போது. நீ வழுக்கி விழுந்ததையெல்லாம் சேத்து எண்ணாத."

"...மேல போயிருக்கு! கீழ இல்ல, மேல! டிசம்பர்ல எந்த வீடாவது மேல போகுமா?"

"எங்கிட்ட ஏன் கத்துற? நானா தள்ளிக்கிட்டுப் போனேன்? சுவரு அந்தா இருக்கு, அதுங்கிட்ட போய்க் கத்து."

தெரெக்-பெல் பனிச்சறுக்குச் சங்கத்தின் தலைவர் சபாரும், சங்க விடுதியிலேயே குடியிருந்து அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய அண்ணி காலிபாவும் விடுதி வாசலில் நின்று இப்படிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சபாருக்கு அறுபத்தெட்டு வயது. ஊரிலிருந்து நான்கு மணி நேரம் ஏறி வந்ததில் மூச்சு இன்னும் நிலைக்கு வரவில்லை. காலிபாவுக்கு எழுபத்தேழு. அவள் கல்யாணமாகி வந்தபோது சபாருக்குப் பத்து வயது, மூக்கு ஒழுகும். அதனால் அவர் தலைவரானதை அவள் இன்றுவரை பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

விடுதி இடம் மாறி நடக்கும் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் புதிதல்ல. கம்பளி ஆலைத் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சறுக்குவதற்காகச் சங்கம் தொடங்கி, அறுபத்து மூன்றில் ஊர் கூடிக் கூலியில்லாமல் கட்டியது அது. சுவர் எழும்பி, கூரை முடிந்து, அடுப்பும் வைத்தாகிவிட்டது. புகைபோக்கி கூரையைத் துளைத்துப் போகும் இடத்தில் சுற்றிப் பொருத்த ஒரு வளையம் வேண்டும். அந்த ஆண்டு தகரம் கிடைக்கவில்லை. காலிபாவின் புருஷன் இசாபெக் வீட்டுக்குப் போய், செத்துப்போன அப்பாவுடைய கம்பளிக் கூடாரத்தின் மர உச்சி வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து அங்கே பதித்துவிட்டான். கூடாரத்தில் கம்பளி மக்கும், கம்பு முறியும், எல்லாவற்றையும் மாற்றலாம். உச்சி வளையம் மட்டும் அப்பனிடமிருந்து கடைசி மகனுக்குப் போகும். கடைசி மகன் சபார். பன்னிரண்டு வயதுப் பையனிடம் யார் கேட்கப் போகிறார்கள்? அவர்கள் யோசிக்காத இன்னொன்றும் இருந்தது. அந்த வளையம் நூறு வருஷமாக வசந்தத்தில் மேய்ச்சலுக்கு மேலே போய், இலையுதிர்காலத்தில் கீழே வந்து பழகியது. அதற்கடியில் கம்பளி இருந்தால் என்ன, தேவதாருக் கட்டை இருந்தால் என்ன?

அடுத்த மே மாதம் விடுதி இரண்டாவது முகட்டில் நின்றது. நடந்ததை யாரும் பார்க்கவில்லை. அலமாரியில் தட்டுகள் வைத்தது வைத்தபடி இருந்தன, சன்னலுக்கு வெளியே மட்டும் வேறு மரம். பழைய இடத்தில் புல் பழுத்துக் கிடந்தது. விடுதி சதுரம், புல்லில் பதிந்த தடம் வட்டம். நவம்பரில் அது தானாகவே இறங்கி வந்து, பழைய இடத்துக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்தது. சங்கத்தாருக்குச் சந்தோஷம்தான். பனி போகும் இடத்துக்கு விடுதியும் போனதால் ஜூன் வரை சறுக்கினார்கள், மாவட்டப் போட்டியில் ஆறு வருஷம் தொடர்ந்து ஜெயித்தார்கள். மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி மே மாதம் வந்து பார்த்து, கட்டடம் கட்டப்படவே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். இன்னொருவர் டிசம்பரில் வந்து, அனுமதியில்லாமல் கட்டப்பட்டிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு காகிதமும் சட்டம் போட்டு உள்ளே மாட்டியிருக்கின்றன.

பிறகு இசாபெக் நுரையீரலில் கம்பளித் தூசி அடைத்துச் செத்துப்போனான். ஆலையை மூடினார்கள், ஆலைக் குடியிருப்பு இடிந்தது, காலிபா தன் பெட்டியோடு விடுதிக்கே வந்து சேர்ந்தாள். சறுக்குபவர்களை மேலே இழுத்துப்போகும் இழுவைக் கம்பி நின்றது, கம்பங்களை இரும்புக்கு வெட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் மாஸ்கோவுக்குப் போய்த் தெரு கூட்டினார்கள், அங்கே பனி நிறைய என்று போனில் சொன்னார்கள். நூற்றுப் பத்துப் பேர் இருந்த சங்கத்தில் பதினொரு பேர் மிஞ்சினார்கள்; எல்லோரிலும் இளையவளான பாக்தி, பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவள். விறகையும் சாமானையும் முறை வைத்துச் சுமந்து ஏறினார்கள். பனி வருஷத்துக்கு வருஷம் பிந்தி வந்தது, உயரத்திலேயே நின்றுகொண்டது. விடுதியும் ஒவ்வொரு நவம்பரிலும் முந்தின வருஷத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே இறங்கியது. ஒரு மணி நேர நடை இரண்டானது, மூன்றானது. இந்த வருஷம் நவம்பர் வந்தது, விடுதி இறங்கவில்லை. டிசம்பரில் மேலே போக ஆரம்பித்துவிட்டது. அதற்கு மேலே ஒரு கணவாய், அதைத் தாண்டினால் பனியாறு. அங்கே மனுஷர் போய் வர முடியாது.

"வளையத்த எடுத்துட்டா நின்னுடும்," என்று சங்கக் கூட்டத்தில் பாக்தி சொன்னாள். "நாலு மணி நேரம்னா ஏறலாம். அஞ்சுன்னா நான் படுத்துடுவேன்."

அதை எடுக்கும் உரிமை சபாருக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினொரு பேரும் சறுக்குக் கட்டைகளையும் ஒரு ரம்பத்தையும் சுமந்துகொண்டு ஏறினார்கள். பேசினால் மூச்சு போதவில்லை. சபார் ஏணி வைத்துக் கூரைமேல் போனார், வளையத்தின் இடைவெளியை அடைத்திருந்த கண்ணாடித் துண்டு ஒன்றைக் கழற்றினார். நேர்கீழே காலிபா கறிச் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"மரத்தூள் சூப்புல விழாம அறு," என்றாள் நிமிராமல்.

"அண்ணி, இது உங்களுக்காகத்தான். இது பனியாத்துக்குப் போயிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நீ முதல்ல அறுக்கிறதப் பண்ணு. சின்னப் பையன்லேருந்தே நீ ஆரம்பிக்க ஒரு மணி நேரம் ஆகும்."

சபார் ரம்பத்தை வளையத்தின்மேல் வைத்தார். வைத்துவிட்டு ஒருமுறை சுற்றிலும் பார்த்தார். விடுதி வாசற்படியிலிருந்து கீழே ஊர்வரைக்கும் மலை கறுப்பாக, சேறாகக் கிடந்தது. வாசற்படியிலிருந்து மேலே வெள்ளை. பனியின் விளிம்பு எங்கேயோ அங்கே விடுதி நின்றது, ஒரு கையகலம்கூட முன்னே பின்னே இல்லை. இங்கேயே நிறுத்தினால் அடுத்த வருஷம் இதுவும் சேற்றில் நிற்கும். அப்புறம் பதினொரு கிழங்கள் நான்கு மணி நேரம் ஏறி வந்து ஒரு மரக் கட்டடத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். அவருக்குக் கோபம் வரவில்லை, அசதியாக இருந்தது. ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு கூரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன தலைவரே, ரம்பத்துக்குக் குளிருதா?" என்று கீழேயிருந்து பாக்தி கேட்டாள்.

"நீங்க வேணா வந்து அறுங்க டீச்சர்."

"என்னுது இல்லையே அது."

அவர் கண்ணாடியைத் திரும்பப் பொருத்திவிட்டு இறங்கினார். இரண்டொருவர் வேறு பக்கம் பார்த்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள். எல்லோரும் உள்ளே உட்கார்ந்து சூப்புக் குடித்தார்கள். விடுதி எங்கே என்று இனி யாராவது கேட்டால், பனி எங்கேயோ அங்கே என்று சொல்வது என்று தீர்மானமாயிற்று. ஒருவர்கூட மறுக்கவில்லை. பிறகு கட்டைகளை மாட்டிக்கொண்டு விடுதிக்கு மேலே நூறு அடி ஏறி, ஒவ்வொருவராக வாசற்படிவரைக்கும் சறுக்கி வந்தார்கள். பாக்தி மட்டும் இரண்டு தடவை. அந்த வருஷத்துச் சறுக்குப் பருவம் அவ்வளவுதான். வாசற்படியில் கட்டைகளைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு சேற்றில் இறங்கத் தயாரானார்கள்.

"எங்களோட வந்துடுங்க அண்ணி. அறை காலியாத்தான் இருக்கு, வீட்டுலயும் சொல்லிட்டேன்."

"உன் வீடு ஒரே இடத்துல நிக்கிற வீடு. எனக்குத் தூக்கம் வராது."

"அதுக்காக இதோட பனியாத்துக்கா போவீங்க?"

"முப்பது வருஷமா இதோடதான் போயிக்கிட்டிருக்கேன். நீ இப்பத்தான் கேக்குற."

சபார் தோளில் கட்டைகளைச் சரியாக வைத்துக்கொண்டார். பிறகு மற்றவர்கள் பின்னால் நடந்தார். அவர்கள் இருபது அடி இறங்கியிருப்பார்கள். அதற்குள் விடுதி ஓரடி மேலே போயிருந்தது, வாசற்படிக்கு முன்னால் ஒரு கோடு சேறு புதிதாகத் தெரிந்தது. காலிபா கதவைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுத்தாள்.

"மாவு மார்ச் வரைக்கும் போதும். அதுக்கப்புறம் உங்கள்ல யாருக்குப்பா முட்டி நல்லாருக்கு?"