முருங்கையில் காய்த்த பம்பளிமாஸ்

முடிச்சூரில் தனசிங் வீட்டுக் கொல்லையில் நின்ற முருங்கை மரம் ஒரு பௌர்ணமியன்று பம்பளிமாஸ் காய்த்தது. ஒரே ஒரு பழம். குழந்தையின் தலை அளவு இருந்தது. காக்கை உட்கார்ந்தாலே வளைகிற கிளையில் அது தொங்கியது, கிளை ஒடியவில்லை. காலையில் பல் துலக்க வந்த தனசிங் அதைப் பார்த்தார், வாய் கொப்பளித்தார், உள்ளே போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து மறுபடி பார்த்தார். பிறகு ஸ்டூலில் ஏறிப் பறித்தார். ஓய்வு பெறும் வரை தாம்பரம் ரயில் நிலையத்தின் பார்சல் ஆபீஸில் எழுத்தராக இருந்தவர் அவர். வந்த சரக்கு ஏன் வந்தது என்று கேட்பது அவர் வேலையாக இருந்ததில்லை. யாருக்கு வந்தது என்பது மட்டும்தான் கேள்வி. பழத்தைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு, உரியவர் யாராவது வருகிறார்களா என்று இருந்தார். யாரும் வரவில்லை. அந்த வீட்டுக்கு யாரும் வருவதில்லை.

மரத்தை வைத்தவள் அவர் மனைவி ஞானசௌந்தரி. பதினைந்தாம் வருஷத்து வெள்ளம் கொல்லையில் இருந்ததையெல்லாம் கொண்டுபோன பிறகு, எங்கிருந்தோ ஒரு முருங்கைப் போத்தை வாங்கிவந்து சேற்றில் ஊன்றினாள். அது இலை விட்டு, காய்த்து, தெருவுக்கே சாம்பாருக்கு ஆகிற அளவுக்கு வளர்ந்த பிறகு, ஒரு தவக்காலத்தில் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஒரே மகன் எபி அப்போது வியட்நாமில் ஒரு செருப்புக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அடக்கத்துக்கு வந்து திரும்பிப் போனவன், சில வருஷம் கழித்து அங்கேயே கூட வேலை பார்த்த லான் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். தனசிங் கல்யாணத்துக்குப் போகவில்லை. மூட்டுவலி என்று சொன்னார். மூட்டுவலி இருக்கத்தான் இருந்தது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு எபி அவளை அழைத்து வந்தான். சின்னப் பெண், சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். தன் ஊர்ப் பழங்களைத் துணிகளுக்கு நடுவே பொத்திக் கொண்டுவந்திருந்தாள். ஊதாத் தோல், வெட்டினால் நடுவில் நட்சத்திரம், பால் போன்ற சாறு. வந்ததும் குளித்து, பழங்களைக் கழுவித் தட்டில் அடுக்கி, ஹாலில் மாட்டியிருந்த ஞானசௌந்தரியின் படத்துக்குக் கீழே வைத்தாள். மூன்று ஊதுவத்தி ஏற்றிக் குனிந்து கும்பிட்டாள். வத்தி எரிந்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு தட்டை இரண்டு கையாலும் எடுத்து வந்து தனசிங்கிடம் நீட்டினாள். விமானத்தில் மனப்பாடம் செய்த ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்.

"சாப்பிடுங்க மாமா."

தனசிங் குடும்பம் நாலு தலைமுறையாகப் படைத்ததைத் தொடாத குடும்பம். பக்கத்து வீட்டு சுப்ரமணியன் வீட்டில் சுண்டல் செய்தால், அவர் மனைவி ஞானாம்பாள் படைப்பதற்கு முன்பே ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்து, அதைச் சொல்லித்தான் இவர்களுக்குக் கொடுப்பாள். அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததில்லை. தனசிங் தட்டைப் பார்த்தார்.

"படைச்சத நாங்க தொடமாட்டோம்னு சொல்லுடா அவகிட்ட."

"அப்பா, சாமிக்கு வைக்கல. அம்மாவுக்கு வச்சா. அவங்க ஊர்ல மொதல்ல செத்தவங்களுக்குக் குடுத்துட்டுத்தான் இருக்கறவங்க சாப்பிடுவாங்க."

"உங்கம்மா கர்த்தர்கிட்ட இருக்கா. அங்க அவளுக்கு என்ன கொறை? பழம் எதுக்கு?"

லான் எபியின் முகத்தைப் பார்த்தாள். எபி மொழிபெயர்க்கவில்லை. தனசிங் தட்டை வாங்கிக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் கவிழ்த்துவிட்டு, தட்டைக் கழுவி வைத்தார். புது வருஷ ஆராதனை வரை இருப்பதாக வந்தவர்கள் அதற்கு முன்பே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார்கள். அதன் பிறகு எபி பண்டிகைக்கு ஒரு வாழ்த்துப் படம் அனுப்புவான். தனசிங் ஒரு வேத வசனம் அனுப்புவார். பேச்சு நின்றுபோனது. முருங்கையும் காய்ப்பதை நிறுத்தியது. இலை மட்டும் விட்டுக்கொண்டு சும்மா நின்றது. அதற்குப் பிறகுதான் பம்பளிமாஸ்.

அமாவாசையை ஒட்டி ஒரு கொத்து ரம்புட்டான் வந்தது. அடுத்த பௌர்ணமிக்கு டிராகன் பழம். அப்புறம் பழுப்புத் தோலும் கறுத்த விதையுமாக, பெயர் தெரியாத சின்னப் பழங்கள். மங்குஸ்தான், முள் சீத்தா, சிவந்த கொடுக்காப்புளி மாதிரி ஒன்று. ஒரு தடவை துரியன் வந்தது. அன்று தெருவில் யாரோ கேஸ் கசிகிறது என்று புகார் சொல்லி, ஏஜென்சி ஆள் வந்து ஒவ்வொரு வீட்டிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்துவிட்டுப் போனான். மிக்ஜாம் புயலில் தெருவில் இருந்த முருங்கை எல்லாம் சாய்ந்தபோது இது மட்டும் நின்றது. சபை ஆயர் வந்து மரத்தடியில் ஜெபம் செய்தார். போகும்போது ஒரு பையில் மங்குஸ்தான் கொண்டு போனார். முடிச்சூர் ரோட்டில் பழமும் கொஞ்சம் காய்கறியும் வைத்து வண்டி போடும் தயாளனிடம் ஒவ்வொன்றையும் காட்டி என்னவென்று கேட்பார் தனசிங். பாதிக்கு அவனுக்கும் தெரியாது.

"இது இன்னா சார், கத்திரிக்காயா ஆப்பிளா? ஏதோ ரெண்டும் ஓடிப்போயி பெத்தா மாதிரி கீது."

அது ஊதாத் தோல் பழம். தனசிங்குக்கு அது என்னவென்று தெரியும். அதை அவனிடமே கொடுத்துவிட்டு வந்தார். எதையும் அவர் வாயில் வைத்ததில்லை. அழுகும் சரக்கை ரொம்ப நேரம் வைத்திருக்கக் கூடாது என்பது பார்சல் ஆபீஸ் பழக்கம். மாலை வரை மேடையில் இருக்கும். உரியவர் வராவிட்டால் பக்கத்து வீடுகளுக்குப் போகும். சுப்ரமணியன் ஓய்வுபெற்ற பாங்க் ஆள், நாள் கிழமை பார்க்கிறவர். ஒருநாள் ரம்புட்டானை உரித்தபடியே மதில்மேல் சாய்ந்து சொன்னார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மரம் திதி பாத்துக் காய்க்குது."

"எங்க வீட்டுல திதியெல்லாம் கெடையாது சார்."

"உங்களுக்கு இல்ல சார். மரத்துக்குச் சொல்றேன்."

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. தனசிங் காலண்டரில் பிறைக் குறி பார்க்கத் தொடங்கினார். அந்த நாட்களில் சீக்கிரமே எழுந்துவிடுவார். பழம் பறிக்கிற வேலை இருக்கிற நாள் மற்ற நாள் போல நீளமாக இருப்பதில்லை. மற்ற நாட்களில் அவர் ஒரு டம்ளர் அரிசி வைத்து, மத்தியானமும் ராத்திரியும் அதையே சாப்பிட்டு, டிவியைச் சத்தம் குறைத்து ஓடவிட்டு உட்கார்ந்திருப்பார்.

பிறகு ஒரு அமாவாசைக்கு மரத்தில் ஒன்றும் இல்லை. கிளை கிளையாகப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பக்கம் சாய்ந்த கிளையையும் இழுத்துப் பார்த்தார். அடுத்த பௌர்ணமிக்கும் ஒன்றும் இல்லை. கொல்லையில் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். சரக்கு வராமல் போனால் அனுப்புகிற இடத்தில் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். அது எந்த இடம் என்று அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருந்தது. தெரியாதது போல இருந்தார், அவ்வளவுதான். உள்ளே போய் எபிக்கு போன் செய்தார். அவராக அவனை அழைத்தது அவன் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

"அப்பா? என்னப்பா, உடம்பு சரியில்லையா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. அங்க என்னடா ஆச்சு?"

எபியின் குரலுக்குப் பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது. லானுக்கு ஏழாம் மாதத்திலேயே ரத்தப்போக்கு வந்து, அறுத்து எடுத்தார்கள் என்றான். பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. லான் எதையும் சாப்பிட மறுக்கிறாள், கண்ணைத் திறப்பதே அபூர்வம். டாக்டர் இரண்டு பேருக்கும் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை.

"இதெல்லாம் என்கிட்ட சொல்லணும்னு தோணலயாடா உனக்கு?"

"நீங்க கேக்கலயேப்பா."

தனசிங் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "வீட்டுல யாரும் இல்லையா?"

"எல்லாரும் இங்கதான் இருக்கோம். வீடு பூட்டிக் கெடக்கு."

"அப்ப அமாவாசைக்கும் யாரும் பழம் வைக்கல."

"என்னது?"

"போன மாசம் மங்குஸ்தான் வச்சீங்க. ஒண்ணு சொத்தை."

எபி மெதுவாகச் சொன்னான். வீட்டு மாடத்தில் லானின் அப்பா படத்துக்குப் பக்கத்தில் தன் அம்மாவின் படமும் இருக்கிறது. அங்கே நிலாக் கணக்கில் மாசத்துக்கு இரண்டு நாள் படைப்பார்கள். பருவத்தில் முதலில் வருகிற நல்ல பழத்தை லான் அம்மாவுக்கென்றே பொறுக்கி வாங்குவாள். அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

"உங்களுக்குப் பிடிக்காதுன்னுதாம்பா சொல்லல. சொத்தையா இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இங்க வந்துச்சு," என்றார் தனசிங். "எல்லாமே வந்துச்சு."

போனை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு தயாளன் வண்டிக்குப் போனார்.

"இன்னா சார், மரத்துக்கு இன்னிக்கு லீவா? சாரே பழம் வாங்க வந்துட்டாரு. மழ வரப்போவுது போல கீதே."

"என்னப்பா இருக்கு?"

"கொய்யாதான் கீது. செங்காய். காலைல எறக்குனது."

கொய்யாவைக் கழுவி நாலாக நறுக்கினார். ஞானசௌந்தரி கொய்யாவை மிளகாய்த்தூளும் உப்பும் தொட்டுத்தான் தின்பாள். சமையலறை அலமாரியில், லான் விட்டுப்போன சின்னப் பாட்டில் பிரிக்காமல் கிடந்தது. உள்ளே சிவப்பாக உப்பும் மிளகாயும் அரைத்தது. அவர்களும் அப்படித்தான் தின்பார்கள் போலிருக்கிறது. அதைத் திறந்து துண்டுகள்மேல் தூவினார். மேஜை டிராயரில் அவள் வைத்துவிட்டுப்போன ஊதுவத்தியும் இருந்தது. மூன்று எடுத்தார். மூன்று எதற்கு என்று அவருக்குத் தெரியாது. அவள் மூன்று ஏற்றினாள். கும்பிடக் கை வரவில்லை. எனவே சாப்பாட்டுக்கு முன் வழக்கமாகச் செய்கிற ஜெபத்தையே செய்தார். ஆண்டவரே, இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும் என்றார். பிறகு கண்ணைத் திறந்து படத்தைப் பார்த்தார்.

"சௌந்தரி, சாப்பிடு. அந்தப் பொண்ணையும் சாப்பிடச் சொல்லு."

அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்ததால் அவருக்கே திடுக்கென்றது. வத்தி எரிந்து சாம்பல் விழும்வரை நின்றார். பிறகு தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, நின்றபடியே மென்று தின்றார். காரம் கண்ணில் நீர் வரவழைத்தது. கை கழுவிவிட்டுத் திரும்பியபோது தட்டில் மீதித் துண்டுகள் இல்லை. கொஞ்சம் சிவந்த ஈரம் இருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. தனசிங் தட்டைக் கழுவி வைத்தார்.

மறுநாள் காலை எபி கூப்பிட்டான். மாற்றுத் துணி எடுக்க வீட்டைத் திறந்த லானின் அம்மா, மாடத்துத் தட்டில் நறுக்கிய கொய்யா இருப்பதைப் பார்த்தாளாம். நாலில் ஒரு துண்டு குறைவு. யார் வைத்தது என்று கேட்டாள். தன் அப்பா என்று எபி சொன்னான். அவள் தலையாட்டிவிட்டு, ஒரு டப்பாவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்து வந்துவிட்டாள்.

"லான் ஒரு துண்டு சாப்பிட்டாப்பா. இத்தன நாள்ல அதுதான் மொத தடவ. மாமாவும் சாப்பிட்டிருக்காரு, அதான் ஒண்ணு கொறையுதுன்னு அவளே சொன்னா."

தனசிங் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அவங்கம்மாவும் ஒண்ணு தின்னு பாத்தாங்க. உப்பு தூக்கலாம்."

குழந்தை கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே வந்து லானோடு வீட்டுக்குப் போனது. அடுத்த அமாவாசையை ஒட்டி முருங்கையில் ஊதாத் தோல் பழம் காய்த்தது. எபி போனில் சொல்லிக்கொடுத்தபடி அதை உள்ளங்கையில் உருட்டிப் பிசைந்து, மேலே ஒரு துளை போட்டு, கொல்லையில் ஸ்டூலில் தனியாக உட்கார்ந்து உறிஞ்சினார் தனசிங். பால் முழங்கை வரை வழிந்தது. அன்று அங்கே மாடத்தில் இங்கிருந்து போன இரண்டு சப்போட்டா இருந்தது. அதற்குப் பிறகும் எபி வருவது தள்ளிக்கொண்டே போனது. விசா, லீவு, குழந்தையின் ஊசி. தனசிங்குக்கு மூட்டுவலி. பழம் மட்டும் மாசத்துக்கு இரண்டு தடவை போய் வந்துகொண்டிருந்தது. முருங்கை அதற்கப்புறம் முருங்கைக்காய் காய்க்கவே இல்லை. சாம்பாருக்கு அவர் தயாளனிடம்தான் வாங்குகிறார்.