பதினெட்டு காட்டிய கோல்

ஐவன் ஹாகர்ட்டுக்கு நன்றி சொல்ல வராது. அறுபத்தாறு வயதுக்குள் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து பிடுங்கியவர்கள் யாருமில்லை; கல்லில் நார் உரிப்பது அதைவிடச் சுலபம். யாராவது உதவினால் மறுமாதம் அவர்கள் வாசலில் அவர் வீட்டிலேயே போட்ட பீர் ஒரு டஜன் போத்தல் நிற்கும். நியூசிலாந்தின் அந்தச் சின்ன ஊரான தபனூயியில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் மார்ச் மாதம் அவருக்குக் கிடைத்த உதவிக்கு ஒரு டஜன் எந்த மூலைக்கு? ஷெட்டில் புல்வெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். இதயம் நின்றுவிட்டது. மனைவி நோலீன் போன் செய்ய, ஊர்த் தொண்டர் தீயணைப்புப் படை வந்து சேர்ந்தது. அதில் மெரியானாவும் ஒருத்தி. மற்ற நேரத்தில் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கும் டேங்கரை ஓட்டுகிறவள். அவள்தான் நெஞ்சை அமுக்கினாள். நாலு விலா எலும்பு முறிந்தது, போன உயிர் திரும்பியது. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் டீ குடிக்க வருவாள். ஐவன் அவளிடம் மழையைப் பற்றிப் பேசுவார், ஆட்டு விலையைப் பற்றிப் பேசுவார். அந்த ஒரு சொல் மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை.

அதனால்தான் மே மாதத்தில், விலா இன்னும் முழுதாகக் கூடாத நிலையில், படைக்காக ஒரு வாளி பீர் போட்டார். அவருடைய வழக்கமான பீர் ஒரு கிலோ சீனி சேர்த்து ஆளைச் சாய்க்கிற சரக்கு. இது எந்நேரமும் அழைப்பு வரக்கூடியவர்கள் குடிப்பது, லேசாக இருக்கவேண்டும், எவ்வளவு லேசு என்று போத்தலில் எழுதவும் வேண்டும். அதற்காக முப்பது வருஷத்தில் முதல்முறையாக அளவுகோல் ஒன்று வாங்கினார். பால்மானி மாதிரி மிதக்கிற கண்ணாடிக் கோல்தான். வெறும் தண்ணீரில் பூஜ்யம் காட்டும். இனிப்பு கூடக்கூட எண் ஏறும். முளைகட்டிய பார்லியில் காய்ச்சிய மால்ட் பாகு இரண்டு டின், இருபத்தைந்து லிட்டராகும்வரை தண்ணீர். கோல் முப்பத்தாறு காட்டவேண்டும் என்று டின்னிலேயே கணக்குப் போட்டிருந்தது.

சூடான பாகுக் கரைசலை வாளியில் ஊற்றி, மேலே குளிர்ந்த தண்ணீரை விட்டு, அகப்பையால் மொண்டு குழாயில் ஊற்றிக் கோலை இறக்கினார். பதினெட்டு.

மறுபடி மொண்டார். மறுபடியும் பதினெட்டு. முப்பத்தாறில் சரிபாதி. அதாவது, ஒரே ஒரு டின்.

ஐவனுக்கு இரண்டு டின்னைத் திறந்ததாகத்தான் ஞாபகம். ஆனால் ஆஸ்பத்திரியில், செத்துப்போன தம்பி கட்டில் காலடியில் உட்கார்ந்து பேசியதாகவும் அவருக்கு ஞாபகம் இருந்தது. சில நிமிஷம் மூளைக்கு ரத்தம் போகவில்லை, சின்னச் சின்ன மறதி வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள் என்று டனீடன் நகர ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து மனிதர் தன்னைத்தானே வேவு பார்த்துக்கொண்டிருந்தார். காலி டின்களை எண்ணிப் பார்க்கலாமென்றால், குப்பை வண்டி சற்றுமுன்தான் வந்து போயிருந்தது.

வீட்டுக்குள் போய்க் கார்ச் சாவியை நோலீன் முன்னால் வைத்தார். இனி நான் ஓட்டமாட்டேன் என்றார். காரணத்தையும் சொல்லிவிட்டு ஷெட்டுக்கே திரும்பிப்போய் உட்கார்ந்துகொண்டார். நோலீன் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். வரவில்லை. அவள் மெரியானாவுக்குப் போன் போட்டாள்.

ரப்பர் பூட்ஸோடு வந்த மெரியானா, ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கோலைத் தூக்கிப் பார்த்தாள். வாளியை எட்டிப் பார்த்தாள்.

"எங்கேருந்து மொண்டீங்க?"

"மேலேருந்துதான். வேற எங்கேருந்து?"

"தண்ணி விட்டப்புறம் நல்லாக் கலக்கினீங்களா?"

ஐவன் முனகினார். கலக்கும் துடுப்பை நாலு சுற்றுச் சுற்றியதுமே விலா குத்தியதாம், விட்டுவிட்டாராம்.

மெரியானா சிரித்தேவிட்டாள். "பண்ணைத் தொட்டியில பாலைக் கலக்கிவிடாம சாம்பிள் எடுத்தா என்னை வேலையை விட்டே தூக்கிடுவாங்க. ஏடு மேல நிக்கும், அளவு பொய் சொல்லும். உங்க வாளியில பாகு கனம், அது அடியில கிடக்கு. நீங்க தண்ணிய அளந்துட்டு மூளை போச்சுன்னு உக்காந்திருக்கீங்க."

வாளியின் அடிக்குழாயைத் திறந்து கொஞ்சம் பிடித்தாள். கெட்டியாக, கறுப்பாக வந்தது. கோல் அறுபதைத் தாண்டி நின்றது. பாகெல்லாம் அங்கேதான் கிடந்தது.

துடுப்பைக் கிருமிநாசினியில் முக்கியெடுத்து அவளே கலக்கினாள். கடிகாரம் பார்த்து ஐந்து நிமிஷம், நெஞ்சை அமுக்கிய அதே தோள் பலத்தோடு. பிறகு ஐவனிடமே அகப்பையைக் கொடுத்தாள். அவர் மொண்டார், ஊற்றினார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

முப்பத்தாறு.

"ரெண்டு டின்," என்றார் ஐவன். "ரெண்டும் போட்டிருக்கேன்."

"போட்டிருக்கீங்க. தலை சரியாத்தான் இருக்கு. கைதான் சோம்பேறி."

அவர் சிரிக்கப்போய் விலாவைப் பிடித்துக்கொண்டார். நிமிர்ந்தபோது கண் நனைந்திருந்தது, அதைத் துடைக்கக்கூட இல்லை. இவ்வளவு நாளாக இந்த உடம்பை மட்டும்தான் திருப்பித் தந்தார்கள் என்று நினைத்திருந்தார். ஆள் முழுசாக வந்திருக்கிறான் என்று இப்போதுதான் தெரிந்தது.

"மெரியானா, நன்றிம்மா," என்றார். "நீ உடைச்ச நாலு எலும்புக்கும் சேர்த்து."

கதவோரம் நின்றிருந்த நோலீன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவள் கேட்காத சொல்.

மெரியானா துடுப்பைக் கழுவத் தொடங்கினாள், நெடுநேரம் கழுவினாள்.

"பதினோரு பேரோட நெஞ்சை அமுக்கியிருக்கேன், ஐவன்," என்றாள், திரும்பாமலே. "பிழைச்சது நீங்க ஒருத்தர்தான். ஞாயித்துக்கிழமை டீ குடிக்கப் போறதுக்கு எனக்கு இந்த ஒரு வீடுதான் இருக்கு. நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்."

ஐவன் ஈஸ்ட் பொட்டலத்தைக் கிழித்து அவளிடம் நீட்டினார். அவள் அதை ஊறலின் மேல் தூவி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.