நான்கு மில்லி

என் மருமகள் மைக்ரோவேவ் சர்க்யூட் செய்கிறவள். இந்தப் பக்கம் நான்கு கிகாஹெர்ட்ஸ் கொடுத்தால் அந்தப் பக்கம் பன்னிரண்டாக வருமாம். ஒன்றைக் கொடுத்தால் மூன்றாகத் தருகிறேன் என்று எவன் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தச் சர்க்யூட் உட்காருகிற அலுமினியப் பெட்டியை மில்லிங் மெஷினில் குடைந்து கொடுப்பது நான்தான். இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே வீடு.

அன்று மூன்று மணிக்கு மேனேஜர் அந்தச் சர்க்யூட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. சரியாக ஓடாவிட்டால் வெளியில் ரெடிமேடாக வாங்கிவிடுவார்கள். அவளுடைய பதினான்கு மாத உழைப்பு அலமாரிக்குப் போகும்.

பதினோரு மணிக்கு டெஸ்ட் ரூமுக்குப் போனேன். பெட்டி திறந்திருந்தது. திரையில் பன்னிரண்டுக்கு நேராக ஒரு கோடு ஈட்டி மாதிரி நின்றது. அவள் மூடியை வைத்து ஸ்க்ரூவை முறுக்கினாள். கோடு படுத்துவிட்டது.

"தொறந்தே வித்துருங்க மேடம்," என்றான் சால்டரிங் பையன். பையன் என்றால் நாற்பது வயது.

"நீ வாய மூடு, போதும்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "என் கணக்குதான் எங்கயோ தப்பு மாமா. தோத்துப்போச்சுன்னு ரிப்போர்ட் எழுதிடுறேன்."

"மூடி போட்டா மட்டும் ஏன் படுக்குது?"

"பெட்டிக்குள்ள குடைஞ்ச பள்ளம் அகலமா இருந்தா, மூடினதும் அது குழாய் மாதிரி ஆயிடும். பன்னெண்டு அதுக்குள்ள புகுந்து கண்டபடி ஓடும். அதுக்குத்தான் குறுகலா பத்து மில்லின்னு வரைஞ்சேன். அதுல ஓட வழியே இல்லியே."

எனக்குக் காது சுட்டது. பத்து மில்லியில் சால்டரிங் முனை நுழையாது, படித்தவர்களுக்கு வேலை தெரியாது என்று நானாகவே அகலப்படுத்தியிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பேசாமல் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"அது பத்து இல்லம்மா, பதினாலு."

"என்னது?"

"நான்தான் வெட்டுனேன். நீ ஏன் அளந்து பாக்கல?"

"நீங்க செஞ்சதாச்சே மாமா!"

என் வீட்டு உப்பு டப்பாவைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் எடுக்கிறவன் நான். என்னை ஒருத்தி இப்படி நம்பித் தொலைத்திருக்கிறாள்.

பட்டறைக்குப் போனேன். இரண்டு மில்லி கனத்தில் இரண்டு அலுமினியப் பட்டை வெட்டி, ஓரம் தேய்த்து, துளை போட்டேன். பள்ளத்தின் இரு சுவரிலும் ஒவ்வொன்று வைத்து இறுக்கினால் நடுவில் பத்து நிற்கும். இரண்டு மணிக்குக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன்.

அவள் பட்டையை எடுத்து நேராகப் பெட்டிக்குள் வைக்கப் போனாள்.

"அளந்துட்டு வை," என்றேன்.

என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு வெர்னியர் அளவுகோலை எடுத்து ஒவ்வொன்றையும் மூன்று இடத்தில் அளந்தாள். அவள் அளந்து முடிக்கும்வரை நின்றேன். பட்டைகளை இறுக்கினாள், மூடியைப் போட்டாள். ஈட்டி நின்றது.

"ரிப்போர்ட்ல பதினாலையும் எழுது. என் பேரப் போட்டே எழுது," என்று சொல்லிவிட்டு மெஷினைத் துடைக்கப் போனேன்.