திட்டுவதற்கும் ஆங்கிலம்

"நாளைக்கு அசெம்ப்ளியில ஒன்பதாவது சங்கவி மன்னிப்பு கேக்கணும். அதுவும் இங்கிலீஷ்ல" என்றார் பிரின்சிபால் ஜம்புலிங்கம். ஆங்கில ஆசிரியை சுகுணாவுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது.

"அவ என்ன சார் தப்பு பண்ணா?"

"மெயின்லாந்து ஆபீசர் முன்னாடி என் மானத்த வாங்கிட்டா. பேசக் கத்துக்குடுத்தது நீங்கதானே மேடம்? மன்னிப்பு கேக்கவும் நீங்களே கத்துக்குடுங்க. இல்லேன்னா கேம்பல் பேக்கு டிரான்ஸ்பர் எழுதிடுவேன்."

கேம்பல் பே என்றால் இந்தத் தீவுக்கூட்டத்தின் தென்கோடி, கப்பலேற வேண்டும். இங்கே டெலானிபூர் குவார்ட்டர்ஸில் கணவனையும் ஒன்றாம் வகுப்பு மகளையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எங்கே அடித்தால் வலிக்கும் என்று அந்த மனுஷருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

எல்லாம் சுகுணா இழுத்துவிட்ட வினைதான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கில வகுப்பில் மட்டும் வாயில் கொழுக்கட்டையை வைத்ததுபோல் உட்கார்ந்திருப்பார்கள். வங்காளி, தெலுங்கு, மலையாளி, தமிழ் என்று வீட்டுக்கு ஒரு மொழி. மைதானத்தில் சண்டை போட எல்லோருக்கும் இந்தி. ஆங்கிலத்தில் அவர்கள் சொன்னதெல்லாம் 'மே ஐ கம் இன்', 'தேங்க் யூ', 'சாரி'. கெஞ்சுவதற்கு மட்டுமே ஒரு மொழி என்றால் எந்தப் பிள்ளைக்கு அதன்மேல் ஆசை வரும்? சுகுணா படம் காட்டினாள், பாட்டுப் பாட வைத்தாள், மிட்டாய் கொடுத்தாள். மிட்டாய் தீர்ந்தது, ஆங்கிலம் வரவில்லை.

ஒருநாள் பொறுமை போய், "யார் மேல கோபமோ அவங்கள திட்டுங்க. என்னையும் திட்டலாம். ஆனா இங்கிலீஷ்லதான்" என்று சொல்லிவிட்டாள். வகுப்பு பற்றிக்கொண்டது. கோகுல் கப்பல் டிக்கெட் கவுண்டரைத் திட்டினான். வார்த்தை போதாதவர்கள் இடைவேளையில் துரத்தி வந்து கேட்டார்கள். வருஷம் முழுக்க வாயே திறக்காத சங்கவிகூட, பாடத்தை வேகமாக நடத்துவதாகச் சுகுணாவைத் திட்டினாள். சுகுணாவுக்குச் சிரிப்பும் பெருமையுமாக இருந்தது.

பிறகுதான் அந்த மெயின்லாந்து அதிகாரி பள்ளியைப் பார்வையிட வந்தார். அவர் வருகிறார் என்று டேங்கரில் தண்ணீர் வரவழைத்து, வாசலில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு ஊற்றினார்கள். அதிகாரி வகுப்பில் நின்று ஆங்கிலத்தில் ஏதாவது குறை உண்டா என்று கேட்டார். கேட்பது வழக்கம், பதில் வருவதுதான் வழக்கமில்லை. சங்கவி எழுந்தாள்.

"நோ வாட்டர் இன் கேர்ள்ஸ் டாய்லெட், சார். பிளாண்ட்ஸ் கெட் வாட்டர். வீ டோன்ட் டிரிங்க் ஆல் டே."

உண்மைதான். மோட்டார் கெட்டுப்போய் மாதக்கணக்காகிறது. கழிப்பறைக்குப் போக முடியாதே என்று பெண் பிள்ளைகள் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் காய்ந்து கிடந்தார்கள். செடி வாடக்கூடாதாம், பிள்ளைகள் வாடலாமாம்.

பிரின்சிபால் மிரட்டிய அன்று மாலையே சுகுணா சங்கவியைக் கூப்பிட்டாள். சொல்லவே நா கூசியது, ஆனாலும் சொன்னாள்.

"ஒரு சாரி சொல்லிடும்மா. விஷயம் முடிஞ்சிரும்."

"டாய்லெட்ல பானி வந்துருச்சா மேடம்?"

"இல்ல."

"அப்றம் எதுக்கு சாரி?"

சுகுணாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எதிர்த்துப் பேசாத, போ!" என்று கத்திவிட்டாள். அந்தப் பெண் கண் கலங்கி வெளியே போனபிறகுதான், தான் கத்தியது யாரைப் பார்த்து என்று சுகுணாவுக்கு உறைத்தது. பிரின்சிபால் முன்னால் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு பிள்ளையிடம் வீரம் காட்டியிருக்கிறாள். தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

மறுநாள் அசெம்ப்ளியில் ஜம்புலிங்கம் சங்கவியின் பெயரைக் கூப்பிட்டார். சங்கவி தலைகுனிந்து வரிசையிலிருந்து நகர்வதற்குள் சுகுணா மேடையேறி மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"ஷி டோல்ட் தி ட்ரூத். ஷி வில் நாட் சே சாரி" என்றாள். பிறகு பிரின்சிபால் பக்கம் திரும்பி, "யூ ஷுட் சே சாரி, சார்" என்றாள்.

ஜம்புலிங்கத்தின் முகம் ரத்தமாய்ச் சிவந்தது.

"கேம்பல் பேதான் உங்களுக்கு! இன்னைக்கே எழுதறேன்!"

மகளின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. ஆனாலும் சுகுணா மைக்கை விடவில்லை.

"எழுதுங்க சார். அங்கயும் பொம்பளப் புள்ளைங்க படிக்கிறாங்க. அவங்களுக்கும் திட்டக் கத்துக்குடுப்பேன்."